மழை பிடிச்சதுல இருந்து குதிரை முதுகுல பக்கு பக்கா உரியுது, படையா சொறியா?

மேற்கு_காத்து | ஜூலை 6, இரவு 9:20

வணக்கமுங்க. நமக்கு மீனாட்சிபுரம் பக்கம், கேரளா எல்லைக்குள்ள அரை கிலோமீட்டர். ரெண்டு உருப்படி இருக்குதுங்க. ஒண்ணு நொக்ரா பெட்டை, ஆறு வயசு, சுத்த வெள்ளை, கல்யாண ஊர்வலத்துக்குப் போறது. இன்னொண்ணு செவலை மட்டம் (குட்டைக் குதிரை), பசங்க ஓட்டறதுக்கு.

இடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழை, பிடிச்ச நாள்ல இருந்து இங்க விட்டு விட்டுச் சாரல். லாயத்துக்கு மேல கூரை இருக்குது, ஆனா மேக்கால இருந்து காத்தோட அடிக்கிற மழை உள்ள வந்துருது. குதிரை நனையக்கூடாதுன்னு சணல் சாக்கைத் தச்சு முதுகுல போட்டு, அது மேல நீலத் தார்பாயையும் கட்டி வச்சிருந்தனுங்க. மூணு வாரம் இருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை தேய்க்கறப்ப கைல நறநறன்னு தட்டுச்சு. சோத்துப் பருக்கை முடிக்குள்ள காஞ்சு ஒட்டிக்கிட்டா எப்படி இருக்கும், அப்படி. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, விரலுக்குத்தான் தெரியுது. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன், முடிக்கொத்தோட கையோட வந்துருச்சு. அடியில ரோஸ் கலர்ல ஈரமா, லேசா மஞ்சளாச் சீழ். குதிரை சுருக்குன்னு முதுகைத் தாழ்த்திருச்சு.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. மருந்துக்கடையில படை மருந்துன்னு ஒரு ட்யூப் குடுத்தாங்க. ஒர்க்‌ஷாப்காரர் வண்டியில இருந்து வடிச்ச கழிவு ஆயிலைப் பூசுங்கறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தினமும் வாய்க்கால்ல இறக்கி நல்லாக் கழுவுங்கறார். எதைக் கேக்கறதுன்னே தெரியலைங்க. ஆவணியில ரெண்டு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்.


பொதிக்காரன்_போடி | ஜூலை 6, இரவு 9:48

அண்ணே, அது படை இல்ல. எங்க வீட்டுல மழைப்பக்குன்னு சொல்லுவாங்க. போடி மலையில காப்பி மூட்டையும் ஏலக்கா மூட்டையும் இறக்குற மட்டம் நம்மகிட்ட ஆறு நிக்கிது. உங்களுக்கு ஆனி ஆடி, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

மொதல்ல அந்தத் தார்பாயைத் தூக்கி வீசுங்க. மழையில நனைஞ்ச குதிரை காத்துல நின்னா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். தார்பாய்க்குள்ள நனைஞ்ச குதிரை காயவே காயாது. ஈரச் சாக்கைப் போட்டு மேல பிளாஸ்டிக்கையும் மூடுனா உள்ளாற இட்லிக் கொப்பரைதான்.

கழிவு ஆயிலை மட்டும் கையில எடுத்துறாதீங்க. எங்க சித்தப்பா ஒரு மட்டத்துக்குப் பூசி, அதோட தோலே வெந்து தொங்கிருச்சு.


தென்மலை_அடிவாரம் | ஜூலை 7, காலை 5:55

கழிவு ஆயில் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா சுத்தமான வேப்பெண்ணெயில மஞ்சப்பொடியைக் குழைச்சுப் பூசினா ஒரு வாரத்துல போயிரும். கொல்லங்கோட்டுல எங்க தாத்தா காலத்துல இருந்து இதேதான் வைத்தியம். நாய்க்கும் அதான், எருமைக்கும் அதான். தடவி விட்டுட்டு வேலையைப் பாருங்க.


ஓய்வு_கால்நடை | ஜூலை 7, காலை 7:30

முப்பது வருஷத்துக்கு மேல அரசு கால்நடை மருத்துவமனையில இருந்து இப்ப ஓய்வுல இருக்கேன். படம் பார்க்காம, தொட்டுப் பார்க்காம நோய்க்குப் பேர் வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. சில கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

சொறியுதா, இல்ல தொட்டா வலிக்குதா? முதுகில மட்டும்தானா, பிடரி, வாலடி, கால்லயும் இருக்கா? முடி கொட்டின இடம் நாணயம் மாதிரி வட்டமா இருக்கா, இல்ல மழை வழிஞ்சு இறங்கின தடம் மாதிரி கோடுகோடா இருக்கா? வீட்டுல யாருக்காவது கையில் சிவந்த வளையம் வந்திருக்கா? மட்டத்துக்கும் இருக்கா? காய்ச்சல் உண்டா, தீனி எடுக்குதா?


மேற்கு_காத்து | ஜூலை 7, மதியம் 1:10

சொறியவே இல்லீங்க சார். தொட்டா வலிக்குது, தோலை உதறுது. முதுகு, பிட்டம், ரெண்டு பக்க விலாவுல கோடு கோடா. பிடரியிலயும் வால்லயும் ஒண்ணும் இல்லை. பின்னங்கால் ரெண்டுலயும் குளம்புக்கு மேல, பின்பக்கக் குழிவுல வெடிப்பு வெடிப்பா இருக்குது, அதைச் சேத்துப்புண்ணுன்னு நினைச்சு விட்டுட்டேன். மட்டத்துக்கு முதுகுல நாலஞ்சு பருக்கைதான். வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லை. கொள்ளு, புல் எல்லாம் வழக்கம்போலத் தின்னுது. காய்ச்சல் பார்க்கலை.


ஓய்வு_கால்நடை | ஜூலை 7, இரவு 8:15

நீங்க சொன்ன அத்தனையும் ஒரு பக்கமாத்தான் கை காட்டுது. போடித் தம்பி சொன்ன மழைப்பக்குதான். புத்தகத்துல டெர்மடோஃபிலோசிஸ்னு இருக்கும். இதை உண்டாக்கறது டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ்ங்கிற பாக்டீரியா. 1915ல் பெல்ஜியன் காங்கோவுல மாடுகள்ல இதைப் பார்த்து முதல்ல எழுதினவர் வான் சாசெகெம், ஊர்ப்பேரு அங்க இருந்து ஒட்டிக்கிட்டது. பூஞ்சை மாதிரி கிளை விட்டு இழை இழையா வளரும், ஆனா பூஞ்சை இல்லை. அதனாலதான் மருந்துக்கடை படை ட்யூப் இதுக்கு உதவாது. அந்த மாதிரி ட்யூப் நிறையத்துல ஸ்டீராய்டு வேற கலந்திருக்கும். அது தோலோட எதிர்ப்பைக் குறைச்சு நிலைமையை மோசமாக்கும். தூக்கிப் போட்டுருங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா மத்த எல்லாம் தானா விளங்கும். பாக்டீரியா பக்குக்குள்ளயே மாசக்கணக்கா உலர்ந்து தூங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் நீந்திப் போற நுண்ணிய வித்துகளை வெளியில விடும். ஆரோக்கியமான, காய்ஞ்ச தோலை அதால துளைக்க முடியாது. மழையில ஊறி மெத்துன்னு ஆன தோல், ஈ கடிச்ச இடம், உண்ணி பிடுங்கின இடம், சேணம் உராய்ஞ்ச இடம், இப்படி ஒரு வாசல் வேணும். அதாவது கிருமி, ஈரம், சின்னதா ஒரு காயம், மூணும் ஒண்ணு சேரணும். ஈரத்தை எடுத்துட்டா மீதி ரெண்டும் இருந்தாலும் பெரிசா ஒண்ணும் நடக்காது. மழை நின்னு வெயில் வந்தா நிறையக் குதிரைக்கு மருந்தே இல்லாம இது ஆறிப்போறதுக்கும் அதுதான் காரணம்.

நொக்ராவுக்கு அதிகமா, மட்டத்துக்குக் கம்மியா இருக்கறதுல ஆச்சரியம் இல்லை. வெள்ளை முடிக்கு அடியில நிறமில்லாத ரோஸ் தோல், அது எளிதுல பாதிக்கப்படும். பின்னங்கால் வெடிப்பை மட்டும் தனியாப் பார்க்கணும். சேத்துல நின்னு வர்ற கால்புண்ணுல இதே கிருமியும் இருக்கலாம், வேற பாக்டீரியா, பூஞ்சை, பூச்சியும் இருக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது. பக்கை உலர்ந்த நிலையில பிய்க்காதீங்க. பாதிச்ச இடத்துல மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியை வச்சு ஊற விடுங்க. தானா கழண்டு வர்றதை மட்டும் எடுங்க. பிறகு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கழுவும் மருந்தைத் தேய்ச்சு 10 நிமிஷம் விடணும். எல்லாரும் தப்பு பண்றது இந்த 10 நிமிஷத்துலதான். போட்ட உடனே கழுவிட்டா அது வெறும் சோப்பு. குளோர்ஹெக்சிடின் கிடைக்கலைன்னா பொவிடோன் அயோடினைக் கட்டன் சாயா நிறத்துக்குத் தண்ணி கலந்து வச்சுக்குங்க. ரெண்டையும் கலக்காதீங்க. முகத்துல இருந்தா குளோர்ஹெக்சிடினைக் கண்ணுக்கிட்டக் கொண்டு போகவே கூடாது. கழுவி முடிச்சு நல்லாத் துவட்டணும். முதல் ஒரு வாரம் தினமும், அப்புறம் ஆறுற வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை. இதைக் காலையில செய்யுங்க, சாயங்காலம் வேண்டாம். ராத்திரி முழுக்க ஈரத்தோட நிக்க வைக்கறதுக்குக் கழுவாமலே விட்டுடலாம்.

கையுறை போட்டுக்குங்க, மனுஷத் தோலுக்கும் எப்பவாவது தொத்தும். உதிர்ந்த பக்கைத் தரையில விடாம ஒரு கவர்ல சேர்த்து எரிச்சுருங்க. ரெண்டு குதிரைக்கும் ஒரே பிரஷ், ஒரே துணி, ஒரே சேணத்துணி கூடாது. ஆடு மாட்டுக்கும் இது வரும், தெரிஞ்சு வச்சுக்குங்க.

ஆனா காய்ச்சல் வந்தாலோ, கால் வீங்கினாலோ, பக்கு உடம்பு முழுக்கப் பரவினாலோ நான் எழுதினதை வச்சுக்கிட்டு உக்காராதீங்க. பக்கத்து மருத்துவரைக் கூப்பிட்டு, பக்குல ஒண்ணை எடுத்து ஸ்லைடுல பார்க்கச் சொல்லுங்க. சாயம் ஏத்திப் பார்த்தா இழைகள் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டை வரிசையா ஓடும், ஒரு தடவை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. பெனிசிலின் ஊசி வேணுமாங்கறதை அவர் முடிவு பண்ணட்டும். பெரும்பாலான குதிரைக்கு அது வரைக்கும் போக வேண்டி இருக்காது.


தென்மலை_அடிவாரம் | ஜூலை 7, இரவு 9:02

டாக்டர் சார், வேப்பெண்ணெய் கிருமியைக் கொல்லும்னு சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். நீங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலை. நம்ம வைத்தியம்னா இளப்பமா?


ஓய்வு_கால்நடை | ஜூலை 7, இரவு 9:40

இளப்பம் இல்லைங்க. எங்க அம்மா எனக்குப் பூசின வேப்பெண்ணெய் வாசனை இன்னும் மூக்குல இருக்கு. நான் மறுக்கறது வேப்பெண்ணெயை இல்லை, பக்கு மேல எண்ணெய் பூசறதை. ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறப்ப மேல எண்ணெய்ப் படலம் போட்டா அதுவும் ஒரு தார்பாய்தான். இந்தக் கிருமிக்கு ஈரம்தான் வேணும், தோல் காயாம இருக்கற இடத்துலதான் கொழிக்கும். பக்கு எல்லாம் கழண்டு, தோல் காய்ஞ்சு, புது முடி வர்றப்ப வேணும்னா லேசாத் தடவிக்குங்க, நான் தடுக்கலை. உங்க தாத்தா எண்ணெய் பூசிட்டுக் குதிரையை எங்க கட்டினார்? வெயில்லதானே? பாதி வைத்தியத்தை அந்த வெயில் பார்த்திருக்கும்.


தென்மலை_அடிவாரம் | ஜூலை 7, இரவு 9:51

வெயில்லதான் கட்டுவார். சரி, யோசிக்கறேன்.


பொதிக்காரன்_போடி | ஜூலை 8, காலை 6:20

துவட்டுறதைப் பத்திக் கொஞ்சம். துண்டை வச்சுத் துடைச்சா மேல் முடி மட்டுந்தான் காயும். நாங்க வைக்கோலை ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிரி மாதிரிக் கட்டி, முடிக்கு எதிர்ப்பக்கமா அழுத்தி உருட்டுவோம். முடி நிமிந்து நிக்கும், அடியில காத்துப் போகும். பக்கு இருக்குற எடத்துல மட்டும் தேய்க்கக்கூடாது, வலிக்கும். வயித்துக்கு அடியிலயும் முன்னங்கால் இடுக்குலயும் தண்ணி வடிஞ்சு தேங்கி நிக்கும், அதை மறந்துறாதீங்க. மேலத் தண்ணியை வழிக்க, தரை துடைக்கிற ரப்பர் வைப்பரை அரையா வெட்டி வச்சிருக்கேன். ரொம்ப சோக்கா வேலை செய்யிது.

கால் சேத்தை உடனே தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க அண்ணே. தினம் நாலு தடவை கழுவிக் கழுவியே நாங்க கால்புண்ணை வளத்திருக்கோம். காய விட்டு, உதுத்து விட்டாப் போதும். மலைக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு அட்டை கடிச்சிருக்கான்னு பாக்க மட்டும் ஒரு தரம் கழுவுவோம், அதையும் வைக்கோல் போட்டுத் துவட்டிருவோம்.

சேணத்துணி நனைஞ்சா மறுநாள் அதையே போடுறது எங்க பக்கம் பெரிய கெட்ட பழக்கம். ஒரு மட்டத்துக்கு ரெண்டு துணி வேணும். நான் சொன்னா எங்க ஆளுகளே கேக்க மாட்டாய்ங்க.


வாளையார்_லாயம் | ஜூலை 8, மதியம் 12:35

இந்த இழையில யாரும் இன்னும் சொல்லாத ஒண்ணைச் சொல்லிடறேன், படிக்கறவங்க யாராவது ஒருத்தர் குதிரையாவது தப்பிக்கட்டும்.

போன வருஷம் ஆடியில எங்க பெட்டைக்கு உண்ணி ஏறி, உண்ணி கடிச்ச இடமெல்லாம் இதே மாதிரிப் பக்கு. நான் ஊர்ல இல்லை. வேலைக்கு இருந்த தம்பி ஒரு கடையில கேட்டு, மாட்டுக்கு உண்ணி போகக் கலக்கித் தெளிக்கிற அமிட்ராஸ் மருந்தை வாங்கிட்டு வந்து தலை முதல் வால் வரைக்கும் ஊத்தியிருக்கான். உண்ணி போச்சு. மறுநாள் குதிரை தீனி எடுக்கலை, சாணி போடலை. தூங்கற மாதிரித் தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. டாக்டர் வந்து வயித்துல காதை வச்சுக் கேட்டார், சத்தமே இல்லை. குடல் நின்னு போச்சுன்னார். மூக்கு வழியாக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணியும் இறக்கினாங்க, நரம்புல பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கைப்பிடி சாணி போட்டுச்சு. சாணியைப் பார்த்து அழுத ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

மாட்டுக்கு நல்ல மருந்து அது. குதிரைக்கு ஆகாது. புட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எதையும் ஊத்தாதீங்க.


ஓய்வு_கால்நடை | ஜூலை 8, மதியம் 1:20

வாளையார் அம்மா சொன்னது அத்தனையும் சரி. அமிட்ராஸ் குதிரையோட குடல் அசைவை நிறுத்திடும். கூடவே இன்னொண்ணு: மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குக் குத்தாதீங்க. ஊசி போட்ட இடம் அழுகி உயிரே போன குதிரைகள் உண்டு. குதிரைக்கு அது வாயில குடுக்கற பசையா வருது, எடைக்கு ஏத்த அளவுல குடுக்கணும்.


குமுளி_செக்போஸ்ட் | ஜூலை 10, இரவு 10:05

சார், நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிக்கணும். நம்ம சவாரிக் குதிரைக்கு முன்னங்கால்ல ஒரு புண்ணு. மே மாசக் கடைசியில கொசுக்கடி மாதிரி இருந்துச்சு, இப்ப உள்ளங்கை அகலம். ஆறவே மாட்டேங்குது, சதை பொங்கி வெளியில தள்ளுது. ரத்தமும் கொழகொழன்னு தண்ணியும் வடியுது. குதிரை பல்லால கடிச்சு கடிச்சுக் குதறுது. உள்ள இருந்து மஞ்சளா, சின்னப் பவளக்கல்லு மாதிரி கட்டி கட்டியா வருது. இதுவும் மழைப்பக்குதானா? மேயறது ஏலத்தோட்டத்துக்குக் கீழ, தண்ணி தேங்கற சதுப்புல.


ஓய்வு_கால்நடை | ஜூலை 10, இரவு 10:40

இல்லை. இதுக்கும் முதுகுப் பக்குக்கும் சம்பந்தமே இல்லை. நாளைக்கே மருத்துவரைப் பாருங்க, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்ங்கற பேச்சே வேண்டாம்.

மழைக்காலத்துல குதிரைக்கு வர்ற ஆறாத சதைப்புண்ணை வடக்கே பர்சாத்தின்னு சொல்வாங்க. பர்சாத்துன்னா மழை. 1880கள்லயே இந்தியாவுல இருந்த ஆங்கிலேய ராணுவக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பத்தி எழுதி வச்சிருக்காங்க. அந்த ஒரே பேர்ல ரெண்டு வேற நோய் ஒளிஞ்சிருக்குன்னு பின்னாடிதான் பிரிஞ்சுது. ஒண்ணு, குதிரை வயித்துப் புழுவோட குஞ்சை ஈ கொண்டு வந்து புண்ணுல விடறது. கண் ஓரம், கால், மறைவிடம் இங்கெல்லாம் வரும், ஐவர்மெக்டின் பசைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். இன்னொண்ணு, தேங்கின தண்ணியில வாழற பித்தியம்ங்கிற கிருமி தோலுக்குள்ள இறங்கறது. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பாசிக்குத்தான் உறவு. அதனால சாதாரணப் பூஞ்சை மருந்து சரியாக் கேக்காது. நீங்க சொன்ன பவளக்கல், சதுப்பு, பயங்கர அரிப்பு மூணும் சேர்ந்து எனக்கு இரண்டாவது பேரைத்தான் நினைவுபடுத்துது. சின்னதா இருக்கறப்பவே முழுசா வெட்டி எடுக்கறதுதான் முக்கிய சிகிச்சை. எலும்பு வரைக்கும் போயிட்டா கை மீறிடும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன். காலோட உள்பக்கம் மணி கோத்த மாதிரி வரிசையா முடிச்சு முடிச்சா வந்து, ஒவ்வொண்ணா உடைஞ்சு தேன் மாதிரிச் சீழ் வடிஞ்சா, மூக்குலயும் சளி ஒழுகினா, அந்தக் குதிரையை மத்ததுங்க பக்கமே விடாதீங்க. அது கிளாண்டர்ஸா இருக்கலாம். மனுஷனுக்குத் தொத்தி உயிரை எடுக்கக்கூடியது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009 சட்டப்படி அரசுக்கு உடனே தெரிவிச்சாகணும். கால்நடைத் துறை ரத்த மாதிரி எடுத்து ஹிசார்ல இருக்கற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் மாதிரியான ஆய்வகத்துக்கு அனுப்பும். உறுதியானா வைத்தியம் கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வாங்க. பயந்து மறைச்சு வித்துடறவங்க இருக்காங்க, எல்லை தாண்டி நோய் போறது அந்த வழியாத்தான்.


குமுளி_செக்போஸ்ட் | ஜூலை 10, இரவு 10:44

காலைல முதல் வேலையா வண்டி பிடிக்கறேன் சார்.


மேற்கு_காத்து | ஜூலை 14, இரவு 8:50

தப்பு பண்ணிட்டனுங்க சார். மூணு நாள் சொன்னபடி செஞ்சேன், நல்லா இருந்துச்சு. நாலாவது நாள் கை சும்மா இருக்காம, காஞ்ச பக்கு ரெண்டு மூணைச் சீப்பால சுரண்டி எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துட்டே இருந்துச்சு, ஒரு வெறி மாதிரி. இப்ப பிட்டத்துல ரெண்டு கை அகலத்துக்குப் பச்சை ரணம். வீட்டுக்காரம்மா பேசறதில்லை. குதிரையும் என்னைப் பார்த்தா திரும்பிக்குது.


ஓய்வு_கால்நடை | ஜூலை 14, இரவு 9:30

குதிரை சரியாத்தான் செய்யுது. ஒரு நாள் முழுக்கத் தேய்க்கறதை நிறுத்துங்க. ரணத்து மேல ஈ உக்காராமப் பார்த்துக்குங்க. ஈதான் இதை அடுத்த இடத்துக்குத் தூக்கிட்டுப் போகும். நாளன்னிக்கு ஊற வச்சுக் கழுவறதை மறுபடி ஆரம்பிங்க. அந்தச் சீப்பை மட்டத்துக்குப் போட்டீங்களா?


மேற்கு_காத்து | ஜூலை 14, இரவு 9:33

போடலீங்க. சத்தியமா.


வாளையார்_லாயம் | ஜூலை 15, காலை 10:15

தம்பி, லாயத்தைக் கவனிச்சீங்களா? நமக்கெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஆனி ஆடியில மேக்கால இருந்துதான் அடிக்கும், மழையும் அது கூடவேதான். நாங்க மேக்குப் பக்கத்தைத் தென்னங்கீத்து வச்சு இடுப்பு உயரத்துக்கு மேல வரைக்கும் அடைச்சோம். கூரைக்குக் கீழ ஒரு முழம் இடைவெளி விட்டோம். கிழக்கு முழுக்கத் திறந்து கிடக்கு. சாரல் வராது, காத்து மேலால பூந்து வெளியில போயிடும். நாலு பக்கமும் மூடினா குதிரையோட மூச்சும் மூத்திரமுமே ஈரத்துக்குப் போதும்.

தரைக்குப் பொள்ளாச்சி நார்க்கழிவு சும்மா கிடைக்குதேன்னு கொட்டிடாதீங்க, நான் கொட்டினேன். உறிஞ்சினது உறிஞ்சினபடியே உள்ள வச்சுக்கும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், காலை வச்சா பிழிஞ்ச மாதிரித் தண்ணி வரும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அள்ள முடிஞ்சா போடுங்க. இல்லைன்னா தரையைச் சரிவாக்கி மணல் போட்டு, மேல வைக்கோல் போதும்.


பொதிக்காரன்_போடி | ஜூலை 15, காலை 11:02

அக்கா சொன்ன காத்துக் கணக்கு எங்க மலைக்கு ஒத்து வராது, எங்களுக்கு மழை கிழக்கால இருந்து வரும். எந்தத் தெசை மூடணும்ங்கிறதை அவுங்கவுங்க ஊரு மழையைக் கேட்டுக்கணும்.


தென்மலை_அடிவாரம் | ஜூலை 29, மாலை 6:10

நானும் ஒண்ணு கேக்கணும், யாரும் சிரிக்கக்கூடாது. எங்க ஆண்குதிரை வாலடியையும் பிடரியையும் கம்பத்துல தேய்ச்சுத் தேய்ச்சு முடியே இல்லாமப் பண்ணிக்கிச்சு. பொழுது சாயற நேரத்துல ரொம்ப மோசம். பக்கு இருக்கு, அது அதுவா தேய்ச்சு வந்த பக்கு. முதுகு சுத்தமா இருக்கு.


ஓய்வு_கால்நடை | ஜூலை 29, மாலை 7:25

யார் சிரிக்கப் போறாங்க? பக்குப் பிரச்சினை வலிக்கும், இது அரிக்கும். நீங்க சொன்ன இடமும் நேரமும் வச்சுப் பார்த்தா, கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாத சின்ன குறும்பூச்சி, கியூலிகாய்ட்ஸ்னு பேர், அது கடிச்சு வர்ற ஒவ்வாமை. அந்திக்கும் விடியலுக்கும்தான் அது பறக்கும். அந்த நேரத்துல உள்ள கட்டுங்க, ஒரு பெரிய மின்விசிறியைத் திருப்பி வைங்க. பலமான காத்துல அந்தப் பூச்சியால பறக்க முடியாது. வயர் குதிரைக்கு எட்டாம பார்த்துக்குங்க. தேங்கின தண்ணி, ஈரச் சாணிக் குவியல் பக்கத்துல வேண்டாம்.

இங்க, உங்க வேப்பெண்ணெய்க்கு வேலை இருக்கு. புண் இல்லாத இடத்துல, தேங்காயெண்ணெயில கலந்து மெல்லிசா, பொழுது சாயறதுக்கு முன்னாடி. வாசனைக்குப் பூச்சி கொஞ்சம் விலகும்.


தென்மலை_அடிவாரம் | ஜூலை 29, மாலை 7:31

அப்படிச் சொல்லுங்க சார்!!


குமுளி_செக்போஸ்ட் | ஆகஸ்ட் 11, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னிக்கணும். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். சதையை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினாங்க. டாக்டர் சார் சொன்ன ரெண்டாவது பேர்தான் வந்துச்சு. எலும்புக்குப் போகலை. இன்னும் கட்டு இருக்கு, நொண்டுது, ஆனா கடிக்கறதை விட்டுடுச்சு. சதுப்புப் பக்கம் வேலி போட்டாச்சு.


மேற்கு_காத்து | ஆகஸ்ட் 25, காலை 7:05

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. முதுகுல கடைசிப் பக்கு போய் பத்து நாள் ஆச்சு. பிட்டத்துல நான் சுரண்டின இடத்துல மட்டும் முடி இன்னும் குட்டையா, பீச் பழத் தோல் மாதிரி பூனைமுடியா இருக்குது. பின்னங்கால் வெடிப்பும் மூடிக்கிச்சு. மட்டத்துக்கு அந்த நாலஞ்சு பருக்கையோட நின்னுருச்சு.

முதல் முகூர்த்தத்தை விட்டுட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விடாம, மேல பட்டுத்துணி போட்டு மறைச்சுக்கலாம், யாருக்குத் தெரியப் போகுதுன்னாங்க. ஆறாத தோல் மேல சேணம் போட முடியாதுங்க, வேற குதிரை பாத்துக்குங்கன்னு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தேன். கொஞ்சம் சத்தம் போட்டாங்க. ரெண்டாவது முகூர்த்தம் அடுத்த வாரம், அதுக்குப் போகுது, சேணத்துக்குப் புதுத்துணி ரெண்டு தச்சு வச்சிருக்கேன்.

இப்ப தினமும் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு முதுகுல கையை எதிர்ப்பக்கமா ஓட்டிப் பாக்கறேன். கண்ணு ஏமாத்துது, கை ஏமாத்தறதில்லை. எங்க பாப்பாவும் பழகிக்கிட்டா, நேத்து என்னைவிட முன்னாடி ஒரு பருக்கையைக் கண்டுபிடிச்சா. பாத்தா வைக்கோல் துணுக்கு.


பொதிக்காரன்_போடி | ஆகஸ்ட் 25, காலை 7:40

சந்தோசம்ண்ணே. அந்த நீலத் தார்பாய் என்னாச்சு?


மேற்கு_காத்து | ஆகஸ்ட் 25, காலை 7:44

விறகு மேல கிடக்குதுங்க.